மூன்றாவது கை

முதல் அநியாயம், ஓவிய வகுப்பைப் பிடுங்கிக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்தது.

இரண்டாவது, ஓவிய அறையில் சத்துணவு அரிசி மூட்டைகளை அடுக்கியது.

மூன்றாவது, பிள்ளைகளுக்கென்று வந்த கிரேயான் பெட்டிகளை, தீர்ந்துபோகும் என்று பீரோவில் வைத்துப் பூட்டியது.

நான்காவது, பூட்டிய பெட்டிகளை அலுவலர் பார்வையிட வரும் நாளில் மட்டும் வெளியே எடுத்து, அவர் ஜீப் தெரு திரும்பியதும் பிள்ளைகள் கையிலிருந்து திரும்பப் பிடுங்கியது.

ஐந்தாவது, யாரைத் தண்டிக்க வேண்டுமோ அவரை அந்த வகுப்புக்கு அனுப்பியது.

வெயிலுமுத்து சார் எப்போது சொன்னாலும் இந்த வரிசையிலேயே சொல்வார். ஆசிரியர் சங்கத்துக்குத் துண்டறிக்கை எழுதியே தேய்ந்த கை அவருடையது. எது முதலில் நடந்ததோ அது முதலில் வர வேண்டும். ஒன்றை இடம் மாற்றி வைத்தால் நிர்வாகம் அந்தச் சந்துக்குள் புகுந்து தப்பித்துவிடும் என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஐந்தாவது அநியாயத்தில் அவரே இருந்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய நேரத்தில், ஒரு மறியலுக்கு முன்னால் நின்ற குற்றத்துக்காக, உப்பளத்தை ஒட்டிய இந்தத் தொடக்கப் பள்ளிக்கு அவரைத் தூக்கிப் போட்டார்கள். இரண்டாம் வகுப்பு. அத்தோடு ஓவிய வகுப்பில் பகுதி நேர ஆசிரியைக்கு உதவி.

அந்த ஆசிரியை பரிபூரணம் டீச்சர். வெயிலுமுத்து சாருக்கு மகள் வயது. வாரத்தில் பாதி நாள் வேறொரு பள்ளியிலும், பாதி நாள் இங்கேயும் வேலை.

முதல் நாள் சார் ஐந்து அநியாயங்களையும் அடுக்கியபோது, பரிபூரணம் டீச்சர் தரையில் சிந்திக் கிடந்த அரிசியைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அஞ்சும் சரிதான் சார்" என்றார். "ஆறாவதுக்கும் கொஞ்சம் இடம் விட்டு வைங்க."

"ஆறாவது ஒண்ணும் கிடையாது டீச்சர்."

டீச்சர் முறத்தில் அரிசியை அள்ளினார்.

வெயிலுமுத்து சார் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மனுமேல் மனு எழுதினார். தலைமையாசிரியை அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு வழியாக ஓவிய வகுப்பு திரும்பக் கிடைத்தது, மூட்டைகள் இடம் பெயர்ந்தன. பீரோச் சாவியும் வந்து சேர்ந்தது. கிரேயான் பெட்டிகளைக் கோட்டையைப் பிடித்தவர்போல் ஏந்தி வந்து டீச்சர் முன்னால் வைத்தார்.

டீச்சர் ஒரு பெட்டியைத் திறந்தார். புதுக் கிரேயான்களை எடுத்து, சுற்றியிருந்த தாளை உரித்து, ஒவ்வொன்றையும் மூன்று துண்டாக ஒடித்துத் தட்டில் போட்டார்.

"என்ன டீச்சர் இது! போராடி வாங்கிட்டு வந்திருக்கேன். ஒடிச்சுப் போடுதீங்க?"

"முழுசா இருந்தா யாருக்காவது பூட்டி வைக்கத் தோணும் சார். ஒடிஞ்சத எவரும் பூட்ட மாட்டாங்க."

அன்றைக்குத்தான் அவருக்கு இந்தப் பெண்மேல் மரியாதை வந்தது. மறுநாள் வகுப்புக்கு முன்னால் வந்து நின்று கேட்டார்.

"பிள்ளைங்களுக்குப் படம் சொல்லிக்குடுக்கது எப்படின்னு எனக்குக் கத்துக்குடுங்க டீச்சர். சும்மா சொல்லக் கூடாது, நானும் வரைவேன். ஆயுசு முழுக்கப் போஸ்டர் எழுதினவன். முஷ்டிய உயர்த்தின ஒரு பொம்பளைய நான் வரைஞ்சா, சுவத்துல இருந்து இறங்கி ஊர்வலத்துல சேந்துக்கிடுவா."

"நல்லது சார். கையப் பின்னால கட்டிக்கிட்டு, அந்த ஜன்னல் ஓரமா நில்லுங்க."

அவர் முகம் மாறியது.

"டீச்சர், நான் எவன் முன்னாலயும் கைகட்டி நின்னதில்ல. எங்க அம்மா நின்னா. பண்ணையார் வீட்டு வாசல்ல, மழையில, வெயில்ல. அவளோட அது முடிஞ்சுபோச்சு."

"எவன் முன்னாலயும் நிக்க வேண்டாம் சார். இவங்க முன்னால மட்டும்."

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அவரை அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு பையனுக்கு முன்பல் இரண்டும் இல்லை. அவன் சிரித்தான்.

வெயிலுமுத்து சார் கையைப் பின்னால் கட்டினார்.

காவலர் விலங்கு மாட்டியபோதுகூட அவர் கைகள் அப்படித் தவித்ததில்லை. பிள்ளைகள் எல்லாரும் ஒரே படத்தை வரைந்தார்கள். இரண்டு மலை. நடுவில் சூரியன். ஒரு குடிசை, ஒரு தென்னை, ஒரு ஆறு.

"ஏலே, இந்த ஊருல மலை எங்க இருக்கு?" என்று பல்லில்லாத பையனைக் கேட்டார்.

"போர்டுல சார்."

முன்னால் இருந்த ஆசிரியர் வருஷா வருஷம் போர்டில் போட்ட மலை அது. அதைப் பார்த்துப் போட்டால் பத்துக்குப் பத்து.

பரிபூரணம் டீச்சர் போர்டில் எதுவும் போடவில்லை. தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை, நல்லா இல்லை என்றும் சொல்லவில்லை. எப்போதாவது ஒரு தாளில் வெறுமையாகக் கிடக்கும் இடத்தைத் தொட்டு, "இந்தப் பக்கம் யாரும் இல்லையா?" என்று கேட்பார். அவ்வளவுதான்.

சில வாரங்களில் மலைக்குப் பக்கத்தில் ஒரு தண்ணி லாரி வந்து நின்றது. பிறகு லாரி மலையில் ஏறியது. பிறகு மலை போய்விட்டது. பல்லில்லாத பையன், தன் இரண்டு பற்களும் கைகோத்துக்கொண்டு கடைக்குப் போவதை வரைந்தான்.

முனீஸ்வரிதான் கடைசிவரை மலையை விடவில்லை. ஒல்லிப் பிள்ளை. தானே கட்டிக்கொண்ட சடை ஒன்று மேலும் ஒன்று கீழுமாகத் தொங்கும். அவள் அம்மா விடியும் முன்னே உப்பளத்துக்குப் போய்விடுவாள். முனீஸ்வரி தாளின் கீழ் மூலையில் பொட்டு அளவுக்கு இரண்டு மலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

"இந்தப் பக்கம் யாரும் இல்லையாம்மா?" என்றார் டீச்சர், பெரிய வெள்ளை இடத்தைத் தொட்டு.

முனீஸ்வரி ரொம்ப நேரம் யோசித்தாள்.

"அம்மா இருக்கா."

"சரி."

அன்று அவள் தன் அம்மாவை வரைந்தாள். தாள் நிறைய வரைந்தாள். ஒரு கை உப்பு வாரும் பலகையைப் பிடித்திருந்தது. ஒரு கை தலைச்சுமையைத் தாங்கியிருந்தது. மூன்றாவதாக ஒரு கை. அது தோளிலிருந்து புறப்பட்டு, உப்புக் குவியல்களைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, தாளின் மறுகோடிவரை கயிறுபோல் நீண்டு, அங்கே இருந்த சின்ன மஞ்சள் கட்டம் ஒன்றுக்குள் போய் முடிந்தது.

வெயிலுமுத்து சார் ஜன்னலோரம் நின்று பார்த்தார். கை பின்னால்தான் இருந்தது.

"எங்கம்மா கண்காட்சிக்கு வருவா" என்று முனீஸ்வரி அவரிடம் சொன்னாள். அவளாக அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. "ஒன் படம் சுவத்துல இருக்கும்னு சொல்லியிருக்கேன்."

பள்ளி ஆண்டு விழாவுக்குப் படக் கண்காட்சி வைப்பது வழக்கம். அலுவலர் வருவார். பெற்றோர் வருவார்கள். ஒவ்வொரு படத்தின் பெயர்ச் சீட்டையும் ஒருவர் உரக்க வாசிக்க, வரைந்த பிள்ளை எழுந்து தன் படத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். கைதட்டுவார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதை யாரும் வெளியே சொல்வதில்லை. கண்காட்சிக்கு முன்னால், ஆசிரியர்கள் சாயங்காலம் உட்கார்ந்து பிள்ளைகளின் படங்களைத் "திருத்துவார்கள்".

அந்தச் சாயங்காலம் பரிபூரணம் டீச்சர் மற்ற பள்ளியில் இருந்தார். வெயிலுமுத்து சார் தனியாகப் படங்களைப் புரட்டினார். மூன்று கைப் படத்தில் நின்றார்.

அலுவலர் இதைப் பார்த்துச் சிரிப்பார். அவர் சிரித்தால் தலைமையாசிரியை சிரிப்பார். வாசலில் நிற்கும் முனீஸ்வரியின் அம்மா, எதற்கென்று தெரியாமல் தானும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரியும். சின்ன வயதில் பண்ணையார் வீட்டு வாசலில் பார்த்திருக்கிறார்.

உப்பளத்துக்காரியைப் பார்த்து ஒருத்தன் சிரிக்க இந்த வெயிலுமுத்து விடமாட்டான்.

பின்னால் கட்டியிருந்த கை முன்னால் வந்தது.

மூன்றாவது கையை பிளேடால் சுரண்டினார். கிரேயான் மெழுகு உதிர்ந்தது. தலைச்சுமையைத் தாங்கிய கையை நிமிர்த்தி, முஷ்டியாக மடக்கினார். பலகையைக் கொடிக்கம்பு ஆக்கினார். கறுப்பு ஸ்கெட்சுப் பேனாவால் சுற்றிலும் அழுத்திக் கோடு இழுத்தார். எழுந்து, தூர நின்று பார்த்தார். அந்தப் பெண் சுவரிலிருந்து இறங்கத் தயாராக இருந்தாள்.

அவருக்கே கண் கலங்கியது.

மறுநாள் தலைமையாசிரியை அந்தப் படத்தைப் பார்த்ததும், "இப்பதான் உருப்படியா ஒண்ணு வந்திருக்கு. நடுச் சுவத்துல ஒட்டுங்க" என்றார். நிர்வாகம் அவரைப் புகழ்ந்தது அதுவரை நடக்காத காரியம்.

முனீஸ்வரி வந்தாள். படத்தைப் பார்த்தாள். மறுகோடியில் தனியாக நின்ற மஞ்சள் கட்டத்தை விரலால் தொட்டாள்.

"கை எங்க சார்?"

"ஏட்டி, எந்தக் கை? ரெண்டு கையும் இருக்குல்லா?"

"வீட்டுல விட்டுட்டுப் போற கை."

அவருக்குப் புரியவில்லை.

"அம்மா வேலைக்குப் போறப்ப வீட்டுல விட்டுட்டுப் போற கை சார். எனக்குச் சடை பின்னுற கை."

வெயிலுமுத்து சார் அவள் தலையைப் பார்த்தார். ஒரு சடை மேலே. ஒரு சடை கீழே.

முனீஸ்வரி அழவில்லை. ஜன்னலோரம் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் வழக்கமாக நிற்கிற இடத்தில், அவர் நிற்கிற மாதிரியே.

அதற்கப்புறம் அவள் கிரேயானைத் தொடவில்லை. வகுப்பு தொடங்கியதும் ஜன்னலோரம் போய்விடுவாள். அவர் கடலை மிட்டாய் வாங்கி வந்தார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு மறுபடி கையைக் கட்டிக்கொண்டாள். புதுத் தாளில் அவரே உட்கார்ந்து ஒரு பெண்ணை வரைந்து, நீளமாக மூன்றாவது கையும் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினார்.

முனீஸ்வரி நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இது ஒங்க கை சார்."

அவர் பரிபூரணம் டீச்சரிடம் போனார். நடந்ததை வரிசையாகச் சொன்னார். ஒன்றையும் இடம் மாற்றவில்லை.

"எத்தனையோ விசாரணைல நின்னிருக்கேன் டீச்சர். பதில் இல்லாம நின்னதில்ல. இந்தப் பிள்ளைக்குப் பதில் தெரியல. எப்படித் திருத்துறது?"

"திருத்தினது போதும் சார்."

டீச்சர் வெள்ளை அட்டைச் சீட்டுகளை அவர் முன்னால் வைத்தார்.

"ஒங்க எழுத்து நல்லா இருக்கும். பெயர்ச் சீட்டு எழுதுங்க. யார் வரைஞ்சாங்களோ அவங்க பேரு. கண்காட்சில நீங்களே வாசிச்சிருங்க."

அவர் எழுதினார். எல்லாச் சீட்டும் முடிந்தது. நடுச் சுவர்ப் படத்துக்கானது மட்டும் பாக்கி. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், நான் சாகுறவரை ஒரு விசாரணைலயும் குற்றத்த ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு இருக்கேன். தலைமையாசிரியை அம்மா இதுக்குன்னே காத்துக்கிட்டு இருக்காங்க. பிள்ளை படத்த வாத்தியார் வரைஞ்சான்னு ஊரறியச் சொன்னா, அவங்க முன்னால என் தலை என்ன ஆகும்?"

"முனீஸ்வரியோட அம்மா வருவாங்க சார். படத்தப் பாத்துட்டு, 'இது நானா?'ன்னு கேப்பாங்க. யாரு பதில் சொல்லணும்?"

அவர் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்துபோனார்.

கண்காட்சி அன்று அறை நிறைந்துவிட்டது. முன்னால் அலுவலரும் தலைமையாசிரியையும். பின்னால் பெற்றோர். உப்பளத்துப் பெண்கள் வேலையிலிருந்து நேராக வந்து, வெடித்த பாதங்களில் உப்பு காய்ந்திருக்க, சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். முனீஸ்வரியின் அம்மா நடுச் சுவரைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற மகளைக் குனிந்து பார்த்தாள்.

"ஏட்டி, இது நானா?"

முனீஸ்வரி கையைப் பின்னால் கட்டியபடி தரையைப் பார்த்தாள்.

வெயிலுமுத்து சார் பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து போய்த் தன் படத்துக்குப் பக்கத்தில் நின்றது. பல்லில்லாத பையன் ஓடிப்போய் நின்று, படத்தில் இருந்த இரண்டு பற்களையும் அலுவலருக்குக் காட்டி விளக்கம் சொன்னான். அலுவலர் சிரித்தார். பையனும் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு கெடுதலும் இல்லை.

நடுச் சுவரின் முறை வந்தது. அலுவலர் படத்தை நிமிர்ந்து பார்த்து, "அருமை. இது எந்தக் குழந்தை?" என்றார்.

வெயிலுமுத்து சார் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார்.

"ஆறாவது அநியாயம்" என்றார்.

"சார், இன்னைக்குமா?" என்று தலைமையாசிரியை பல்லைக் கடித்தார்.

"ஆறாவது அநியாயம், ஒரு பிள்ளை வரைஞ்ச தாயச் சுரண்டிட்டு, அது மேல என் படத்தப் போட்டது." சீட்டைத் தூக்கிப் பிடித்து வாசித்தார். "வரைந்தவர், வெயிலுமுத்து. இரண்டாம் வகுப்பு."

எழுந்து போய்ப் படத்துக்குப் பக்கத்தில் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். யாரும் கைதட்டவில்லை. தலைமையாசிரியை அலுவலரின் முகத்தைப் பார்த்தார். அலுவலர் தரையைப் பார்த்தார்.

முனீஸ்வரி மட்டும் நடந்து வந்தாள். அவர் முன்னால் நின்று, படத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"இது ஒங்க அம்மாவா சார்?"

அந்தப் பெண்ணை அவர் எத்தனை சுவர்களில் வரைந்திருக்கிறார். ஒருவரும் அவரை இப்படிக் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

திரும்பிப் படத்தைப் பார்த்தார்.

"ஆமாட்டீ" என்றார்.

"ஒங்கம்மா இப்படிக் கையத் தூக்குவாங்களா?"

"தூக்கினதே இல்ல."

படத்தின் முஷ்டியை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். "அதான் நான் தூக்கிவிட்டேன்."

முனீஸ்வரி தலையாட்டினாள். அவளுக்கு அதில் சந்தேகம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

"அப்ப இது ஒங்கம்மா. எங்கம்மாவுக்கு வேற தாள் வேணும்."

பின்னால் கட்டியிருந்த அவள் கைகள் முன்னால் வந்தன. பரிபூரணம் டீச்சர் தாளையும் ஒடிந்த கிரேயான் தட்டையும் தரையில் வைத்தார். அத்தனை பேர் காலுக்கு நடுவே முனீஸ்வரி குப்புறப் படுத்தாள். தாளின் கோடியில் மஞ்சள் கட்டத்தை முதலில் போட்டாள். அதற்குள்ளிருந்து கையை இழுக்கத் தொடங்கினாள். அவள் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

வெயிலுமுத்து சார் அசையாமல் நின்றார்.

"சார்" என்றார் பரிபூரணம் டீச்சர். "ஒங்க சீட்டுல ஒண்ணு விட்டுப்போச்சு."

"என்ன டீச்சர்?"

"படத்துல இருக்கவங்க பேரு."

அவர் பேனாவை எடுத்து, சீட்டைச் சுவரில் வைத்து எழுதினார். எழுதி முடித்ததும் திரும்பி, அலுவலரையும் தலைமையாசிரியையையும் உப்பளத்துப் பெண்களையும் பார்த்து, மைக் இல்லாத தெருமுனைகளில் பேசிய அதே குரலில் வாசித்தார்.

"பிச்சம்மாள்."